களப்பணிக்கு மதிப்பெண் இடுவது எப்படி?

பட்டப்படிப்பில் களப்பணிக்கும் தொழிற்பயிற்சிக்கும் இடம் வேண்டும் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் படிப்புகளுக்கான கட்டமைப்பு, கோடைக்காலப் பயிற்சிக்கு 2 முதல் 4 கிரெடிட் வரை வழங்க வழி செய்திருக்கிறது. ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் பணி. தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியாகத் திறன் பயிற்சிகளும் பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டன.

கொள்கை தெளிவாகவே இருக்கிறது. மதிப்பீடுதான் அதற்கு ஈடு கொடுக்கவில்லை. நம் கலை, அறிவியல் கல்லூரிகளில் அக மதிப்பெண் 25, பருவத் தேர்வு 75 என்ற வாய்ப்பாடே பரவலாக உள்ளது. எதற்கு மதிப்பெண் உண்டோ அதைத்தான் மாணவர் படிப்பார். அது அவர்களின் குறையன்று. களப்பணி நடந்ததற்கு ஒரு சான்றிதழும் கட்டமைக்கப்பட்ட அறிக்கையும் போதும் என்றால், சான்றிதழும் அறிக்கையும் மட்டுமே கிடைக்கும். சென்ற ஆண்டின் அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றிச் சமர்ப்பிப்பதை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் நான் நன்கறிவேன்.

இவ்வாறுதான் நடக்க வேண்டும் என்பதில்லை. தமிழகத்திலேயே அதற்கு நூறாண்டுச் சான்று இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைத் தந்து, அவர்கள் அறிந்த கிராமங்களை ஆய்வு செய்து வரச் சொன்னார். நிலம், கூலி, கடன், கிணறு, கால்நடை என மாணவர்கள் திரட்டியவை 1918-இல் நூலாக வெளிவந்தன. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி செல்லும் ரயில் பாதையில் உள்ள கங்கைகொண்டானும் அக்கிராமங்களுள் ஒன்று.

1930-களில் பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் அக்கிராமங்களை மறு ஆய்வுக்கு உட்படுத்தினர். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் மீண்டும் அங்கே சென்றது. விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டின் கதையை 2008 வரை ஆய்வாளர்கள் தொடர்ந்திருக்கிறார்கள். மாணவர்களின் விடுமுறைப் பணி ஒரு நூற்றாண்டு ஆய்வுக்கு அடித்தளமானது. அவர்கள் எழுதியதை வேறொருவர் பயன்படுத்துவார் என்ற நிலை இருந்ததே அதற்குக் காரணம்.

நான் வசிக்கும் எட்டயபுரம் வட்டாரத்தில் இதை இன்று எவ்வாறு செய்யலாம்? கரிசல் மண்ணில் பெரும்பகுதி மானாவாரி. உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய் எல்லாம் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. மழை பொய்த்தாலும், அறுவடை நேரத்தில் மிகுந்து பெய்தாலும் விவசாயி நம்பியிருப்பது பயிர்க் காப்பீட்டை. 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ராபி பருவ உணவுப் பயிர்களுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதத்தை விவசாயி பிரீமியமாகச் செலுத்துகிறார்.

இழப்பீடு அவருடைய நிலத்தை மட்டும் பார்த்து நிர்ணயிக்கப்படுவதில்லை. கிராமம் அல்லது பிர்கா அளவில் சில வயல்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பரப்பை அளந்து அறுவடை செய்து எடை போடுகிறார்கள். அந்தச் சராசரி, முந்தைய 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியை அடிப்படையாகக் கொண்ட உத்தரவாத மகசூலுடன் ஒப்பிடப்படும். உத்தரவாத மகசூல் 200 கிலோ, கிடைத்தது 120 கிலோ என்றால் இழப்பு 40 சதவீதம். காப்பீட்டுத் தொகையிலும் 40 சதவீதம் கிடைக்கும்.

கரிசலிலோ ஓர் ஊரில் பெய்யும் மழை அடுத்த ஊரில் பெய்வதில்லை. தன் நிலம் முழுதும் கருகியும் பிர்காவின் சராசரி நன்றாக இருந்ததால் இழப்பீடு பெறாதவர் உண்டு. மாதிரிக் கூறெடுப்பு, சராசரி, பரவல், இடர் ஆகிய நான்கு பாடங்களும் இந்த ஒரு நிகழ்வில் அடங்கியிருக்கின்றன. பாடநூலில் மனப்பாடம் செய்யும் திட்ட விலக்கம் என்ற சொல், தந்தைக்கு ஏன் பணம் வரவில்லை என்ற கேள்விக்கு விடையாகும்போதுதான் மாணவிக்குப் புரியும்.

வணிகவியல் துறைக்குத் தீப்பெட்டித் தொழில் இருக்கிறது. 2017-இல் கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதமும் மற்றவற்றுக்கு 18 சதவீதமும் விதிக்கப்பட்ட சரக்கு-சேவை வரி, 2020 ஏப்ரலில் எல்லாவற்றுக்கும் 12 சதவீதமானது. அது சிறு ஆலைகளை எவ்வாறு பாதித்தது என்பதைக் கோவில்பட்டியில் கேட்டறியலாம். தமிழ்த் துறைக்கு முன்னோடி கி. ராஜநாராயணன். இடைசெவலில் பிறந்து, பள்ளிப் படிப்பையும் முடிக்காத அவர் கரிசல் மக்களின் சொற்களைத் திரட்டி வட்டார வழக்கு அகராதி தந்தார். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அமர்த்திக்கொண்டது.

இவற்றுக்கு மதிப்பெண் இடும் முறைக்கு நான்கு மாற்றங்கள் தேவை. முதலாவது, இறுதி அறிக்கையைவிட நாள்தோறும் எழுதிய களக்குறிப்பேட்டுக்கு அதிக மதிப்பெண் தர வேண்டும். அதை நகலெடுப்பது எளிதன்று. இரண்டாவது, வாய்மொழித் தேர்வு நடத்தி, குறிப்பேட்டிலிருந்தே கேள்வி கேட்க வேண்டும். மாணவர் தமிழில் விடையளிக்கத் தடை கூடாது. மூன்றாவது, கண்டறிந்ததை ஊராரிடம் சொல்ல வேண்டும். ஜனவரி 26 கிராம சபை, உளுந்து, பாசி அறுவடையையொட்டி வருகிறது. அதுவே பொருத்தமான அவை. பொய்யான தரவு அங்கே நிற்காது. நான்காவது, தரவுகள் துறை நூலகத்தில் சேமிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு மாணவர்கள் அங்கிருந்து தொடர வேண்டும்.

நாட்காட்டியும் வளைந்து கொடுக்க வேண்டும். புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. தை, மாசியில் அறுவடை. நவம்பரில் ஒரு பருவத்தை முடித்து டிசம்பரில் மற்றொன்றைத் தொடங்கும் முறை, பயிர் வளரும்போது ஆய்வைப் பாதியில் அறுத்துவிடுகிறது. களப்பணியை இரு பருவங்களுக்கும் பொதுவான ஒரே தாளாக வைக்க இயலும்.

அறுபது மாணவர்களின் குறிப்பேடுகளை ஓர் ஆசிரியர் எப்படிப் பார்ப்பார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. களப்பணி வழிகாட்டலை ஆசிரியரின் பணி நேரத்தில் சேர்க்காமலும், காலியிடங்களை நிரப்பாமலும் இதைக் கோருவது வீண். பயிற்சி என்ற பெயரில் மாணவர்கள் கூலியற்ற தொழிலாளர்களாகிவிடாமலும் கல்லூரி கண்காணிக்க வேண்டும்.

எனினும் உள்ளூர்க் களப்பணிக்கு ஒரு பெரும் நன்மை உண்டு. சென்னையிலோ பெங்களூரிலோ பயிற்சி பெற அறை வாடகையும் வீட்டார் அனுமதியும் தேவை. தீப்பெட்டி ஆலைக்கும் பருத்திக் காட்டுக்கும் சென்று உழைத்த பெற்றோரின் மகளுக்கு இரண்டும் எளிதில் கிடைப்பதில்லை. அவள் அறிந்த ஊரே ஆய்வுக்களமானால், அவளிடம் ஏற்கெனவே உள்ள அறிவு ஒரு தகுதியாகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த அறிவையே கல்வி என்று ஏற்று மதிப்பெண் தரும் துணிவு நம் பாடத்திட்டக் குழுக்களுக்கு வர வேண்டும்.