தமிழ்ப் பக்கத்தில் தவறிய மடல்கள்
மொழிபெயர்த்த தொடர்புப் படிவங்களின் பிழையும் திருத்தமும்

முன்னுரை

மடல் எழுதியவர் மறுமொழிக்குக் காத்திருப்பது இயல்பு. மறுமொழி வாராவிடின், தம் மடல் சேரவில்லை என்று அவர் எண்ணுவதில்லை. தம்மை மதிக்கவில்லை என்றே எண்ணுவார். இவ்வுண்மையை நாம் 2024ஆம் ஆண்டு சூன் திங்களில் நேரிற் கண்டோம்.

கடற்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து தாய் ஒருவர் தம் மகளுடன் நம் துறைக்கு வந்திருந்தார். மகளுக்கு விடுதியில் இடம் உண்டா எனக் கேட்டு, வலைத்தளத்தின் தமிழ்ப் பக்கத்திலுள்ள தொடர்புப் படிவத்தில் மூன்று முறை எழுதியிருக்கின்றார். மூன்று முறையும் ‘தங்கள் செய்தி அனுப்பப்பட்டது, நன்றி’ என்னும் வரி தோன்றியிருக்கின்றது. மறுமொழி மட்டும் வரவில்லை. “ஆங்கிலத்துல எழுதின பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மறுநாளே பதில் வந்துச்சு சார். தமிழ்ல எழுதினா பார்க்க மாட்டீங்களா?” என்று அவர் வினவினார். தமிழ் கற்பிக்கும் நமக்கு அவ்வினா சுருக்கென்று தைத்தது.

அன்று மாலையே அப்படிவத்தை ஆராயத் தொடங்கினோம். நாம் கணிப்பொறி வல்லுநர் அல்லோம். எனினும் நூல் பதிப்பிப்போர்க்கு வேண்டிய பொறுமை இப்பணிக்கும் போதுமானது என்பதை உணர்ந்தோம். அவ்வனுபவத்தின் வழி, மொழிபெயர்த்த பக்கங்களில் படிவங்கள் ஏன் தவறுகின்றன, அவற்றைத் திருத்துவது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படிவம் செல்லும் வழி

படிவத்தில் எழுதிய செய்தி ஐந்து நிலைகளைக் கடந்தே உரியவரை அடைகின்றது. முதலாவது, படிவம் பக்கத்தில் சரியாகத் தோன்றுதல். இரண்டாவது, உலாவி அதனைச் சரிபார்த்தல். மூன்றாவது, செய்தி சர்வர் எனப்படும் வழங்கியை அடைதல். நான்காவது, வழங்கி அதனை ஏற்று மின்னஞ்சலாக ஆக்குதல். ஐந்தாவது, அம்மின்னஞ்சல் உரிய அஞ்சற்பெட்டியைச் சேர்தல். எந்நிலையில் தடை ஏற்பட்டது என்பதை அறியாமல் திருத்த முற்படுவது, நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும்.

ஒப்பிட்டு நோக்கல்

உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டே பாடம் தெளிந்தார். இங்கும் அம்முறையே துணை. ஒரே செய்தியை ஆங்கிலப் பக்கத்திலிருந்தும் தமிழ்ப் பக்கத்திலிருந்தும் அனுப்பிப் பார்க்க வேண்டும். இரண்டும் வாராவிடின் பிழை அஞ்சல் அமைப்பிலோ வழங்கியிலோ இருக்கக்கூடும். ஆங்கிலச் செய்தி வந்து தமிழ்ச் செய்தி மட்டும் வாராவிடின், இரு பக்கங்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டிலேயே பிழை உள்ளது.

அடுத்து, தமிழ்ப் பக்கத்திலேயே இரு சோதனைகள் செய்தல் வேண்டும்: ஒன்று, ஆங்கில எழுத்தால் நிரப்பி அனுப்புதல், மற்றொன்று, தமிழ் எழுத்தால் நிரப்பி அனுப்புதல். முன்னது சென்று பின்னது செல்லாவிடின் குறை எழுத்தைக் கையாளும் முறையில் உள்ளது. இரண்டும் செல்லாவிடின் குறை பக்கத்தின் அமைப்பில் உள்ளது. இந்நான்கு சோதனைகளால் தேடவேண்டிய இடம் பெரிதும் சுருங்கிவிடும்.

பிழைகளும் காரணங்களும்

1. படிவமே தோன்றாமை: வேர்ட்பிரஸ் அமைப்பில் இயங்கும் தளங்கள் பலவற்றில் ‘கான்டாக்ட் ஃபார்ம் 7’ என்னும் செருகுநிரல் பயன்படுகின்றது. இதில் ஒவ்வொரு படிவத்திற்கும் ஓர் அடையாள எண் உண்டு. பக்கத்தில் சதுர அடைப்புக்குள் அவ்வெண்ணைக் குறித்தால் படிவம் தோன்றும். மொழிபெயர்ப்பாளர் அக்குறிப்பையும் உரைநடை எனக் கருதி மொழிபெயர்த்துவிட்டால், அல்லது குறித்த எண்ணுடைய படிவம் நீக்கப்பட்டிருந்தால், படிவம் தோன்றாது. குறிப்பை மூலத்தில் உள்ளவாறே வைத்து, உரிய எண்ணை இடுவதே திருத்தமாகும்.

2. புலப்பெயர் மாறுதல்: படிவத்தின் ஒவ்வொரு கட்டத்திற்கும் இரு பெயர்கள் உள. ஒன்று பயனர் காணும் தலைப்பு. மற்றொன்று நிரல் அறியும் உட்பெயர். தலைப்பைத் தமிழாக்கலாம், உட்பெயரைத் தொடலாகாது. மின்னஞ்சல் வரைவு அவ்வுட்பெயரைக் கொண்டே செய்தியை எடுத்து நிரப்புகின்றது. படிவத்தில் ஒரு பெயரும் வரைவில் வேறு பெயரும் இருப்பின், அஞ்சல் வந்து சேரும்; ஆனால் அதனுள் எழுதியவர் பெயரும் இராது, செய்தியும் இராது.

3. தெரிவுப் பட்டியல்: ‘விடுதி’, ‘சேர்க்கை’, ‘கட்டணம்’ போன்றவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில், ஒவ்வொரு தெரிவுக்கும் தனி மதிப்புக் குறிக்கப்படாவிடின், கண்ணுக்குத் தெரியும் சொல்லே மதிப்பாக அனுப்பப்படும். உலாவியே தானாக மொழிபெயர்க்கும்போது அச்சொல் மாறிவிடுகின்றது. வழங்கியோ, தான் அறியாத மதிப்பு வந்ததெனத் தள்ளிவிடக்கூடும். ஒவ்வொரு தெரிவுக்கும் மாறாத மதிப்பொன்றை இட்டுவைப்பதும், மொழிபெயர்க்கலாகாத பகுதிக்கு ‘ட்ரான்ஸ்லேட்’ என்னும் பண்பை ‘நோ’ எனக் குறிப்பதும் தக்க வழிகளாம்.

4. புள்ளிக்கு இடமில்லாமை: இது தமிழாசிரியர் சிறப்பாக அறிய வேண்டியது. பெயரைக் கேட்கும் கட்டத்தில் ஆங்கில எழுத்துகளை மட்டுமே ஏற்குமாறு சில நிரல்கள் எழுதப்பட்டுள்ளன. சற்றே முன்னேறிய சில நிரல்கள் எம்மொழி எழுத்தையும் ஏற்கும். ஆயினும் அவற்றிலும் ஒரு குறை மறைந்திருக்கும். யூனிக்கோடு முறையில் ‘மலர்’ என்னும் சொல்லுக்கு நான்கு குறியீடுகள் உள. ம, ல, ர ஆகிய மூன்றும் எழுத்து எனவும், ஈற்றுப்புள்ளி எழுத்தைச் சாரும் குறி எனவும் வகைப்படுத்தப்பட்டுள்ளன. எழுத்து வகையை மட்டும் ஏற்கும் நிரல், புள்ளியையும் கால், கொம்பு முதலிய உயிர்க்குறிகளையும் பிழையெனத் தள்ளும். அதனால் ‘அப்துல் காதிர்’ என்பாரும் ‘கண்ணன்’ என்பாரும் ‘மேரி’ என்பாரும் தம் பெயரைத் தம் மொழியில் எழுத இயலாமற் போகின்றது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வகுத்த தொல்காப்பியத்தின் மொழிக்கு நேர்ந்த நிலை இது! எழுத்தோடு குறியையும் இடைவெளியையும் ஏற்குமாறு விதியைத் திருத்துதல் வேண்டும்.

எழுத்தளவும் இதனோடு சேர்ந்ததே. யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். ‘மலர்’ என்பதற்கு 12 பைட்டுகள். பைட்டைக் கணக்கிட்டு அளவு வகுத்த நிரலில், தமிழில் எழுதுவோர் செய்தி பாதியிலேயே வெட்டுண்டு போகும்.

5. வழிமாற்றத்தில் இழப்பு: மொழிபெயர்த்த பக்கங்களின் முகவரியில் மொழிக்குரிய குறி இடம்பெறுவது வழக்கம். படிவமோ பழைய முகவரிக்கே செய்தியை அனுப்பும். தளம் ‘அங்குச் செல்க’ எனப் புதிய முகவரிக்கு வழிமாற்றும். 301, 302 என்னும் எண்களால் வழிமாற்றும்போது, உலாவி பொதுவாகச் செய்தியை விட்டுவிட்டு வெறுங்கையோடு புதிய முகவரிக்குச் செல்லும். பயனர் காண்பது வெற்றுப் படிவத்தையே. படிவத்தின் முகவரியை நேராகத் திருத்துவது நன்று. இயலாவிடின் செய்தியைக் காக்கும் 307 அல்லது 308 முறையைக் கையாளலாம்.

6. பழைய படி: விரைவின் பொருட்டுத் தளங்கள் பக்கத்தின் படியொன்றைச் சேமித்து வைத்து அதனையே காட்டுகின்றன. சில படிவங்களில் பாதுகாப்புக்கென ஒரு மறைகுறி இருக்கும். வேர்ட்பிரசில் அது 12 முதல் 24 மணி நேரம் வரையே செல்லும். அடிக்கடி திருத்தம் பெறாத தமிழ்ப் பக்கத்தின் படி பல நாள் பழையதாக இருக்கலாம். அதிலுள்ள மறைகுறி காலாவதி ஆகியிருக்கும். அப்போது வழங்கி 403 என்னும் மறுப்பைத் தரும். தொடர்புப் பக்கத்தைச் சேமிப்பிலிருந்து விலக்குவதே இதற்கு மருந்து.

7. சேருமிடம் தவறுதல்: தமிழ்ப் பக்கத்திற்கெனப் படிவத்தைப் படியெடுக்கும்போது, பெறுநர் முகவரியும் உடன் படியெடுக்கப்படுகின்றது. பின்னர் ஆங்கிலப் படிவத்தில் முகவரியை மாற்றுவோர் தமிழ்ப் படிவத்தை மறந்துவிடுகின்றனர்.

நிறமும் எண்ணும்

கான்டாக்ட் ஃபார்ம் 7 படிவத்தில், இயல்பான அமைப்பில், அனுப்பியபின் தோன்றும் கோட்டின் நிறமே பல செய்திகளைக் கூறும். மஞ்சள், நிரப்பியதில் குறை என்பதைக் காட்டும்; செம்மஞ்சள், வேண்டாத அஞ்சலென ஐயுற்றதைக் காட்டும்; சிவப்பு, அஞ்சல் புறப்படவில்லை என்பதைக் காட்டும்; பச்சை, அனுப்பப்பட்டது என்பதைக் காட்டும். ஆயினும் பச்சை என்பது அஞ்சலகத்தில் மடலை ஒப்படைத்ததற்கே சான்று. உரியவர் கையிற் சேர்ந்ததற்குச் சான்றன்று.

எந்நிறமும் தோன்றாமல் சுழற்குறி சுழன்றுகொண்டே இருப்பின், எஃப்12 விசையை அழுத்தி ‘நெட்வொர்க்’ பகுதியைத் திறந்து, மீண்டும் அனுப்பிப் பார்க்கலாம். 404 எனில் முகவரி தவறு. 403 எனில் வழங்கி மறுத்தது. 500 எனில் வழங்கியின் நிரலில் பிழை. இவ்வெண்ணைக் குறித்துக் கொடுத்தால் தளத்தைப் பேணுவோர் பணி எளிதாகும்.

நாம் கண்ட காரணம்

அத்தாயின் மடல்களுக்கு நேர்ந்தது ஏழாவது வகைப் பிழை. தமிழ்ப் படிவத்தில், முன்னரே மூடப்பட்ட பழைய அஞ்சற்பெட்டியின் முகவரி இருந்தது. ஆங்கிலப் படிவத்தில் முகவரி திருத்தப்பட்டிருந்தது; தமிழ்ப் படிவத்தில் திருத்துவார் இல்லை. திரும்பி வந்த அஞ்சல்கள், எவரும் திறந்து பாராத வேறொரு பெட்டியில் தேங்கிக் கிடந்தன. அவற்றைத் திறந்தபோது அத்தாயின் மூன்று மடல்களோடு வேறு பலர் எழுதியவையும் இருந்தன. அனைத்தும் தமிழில் எழுதப்பட்டவை.

முகவரியைத் திருத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் விடுதி இடங்கள் நிரம்பியிருந்தன. அம்மாணவி நாள்தோறும் பேருந்தில் வந்தே முதலாண்டு பயின்றார். தேங்கிக் கிடந்த மடல்கள் அனைத்திற்கும் நாம் மன்னிப்புக் கோரி மறுமொழி எழுதினோம்; சிலவற்றிற்குக் காலம் கடந்துவிட்டது.

முடிவுரை

பக்கத்தை மொழிபெயர்ப்பது எழுத்துப்பணி. அப்பக்கத்தில் எழுதுவோர்க்கு மறுமொழி கிட்டச் செய்வது பொறுப்பு. பின்னது இல்லாவிடில் முன்னது, உள்ளே ஆளில்லாத வீட்டின் வாயிலில் எழுதிய நல்வரவாகவே முடியும். ஆதலின், திங்கள்தோறும் முதல் வேலைநாளில் ஒவ்வொரு மொழிப் பக்கத்திலிருந்தும் ஒரு சோதனை மடல் அனுப்பி, அது வந்து சேர்ந்ததா எனக் குறித்து வைத்தல் வேண்டும். படிவத்தில் எத்திருத்தம் செய்யினும் எல்லா மொழிகளிலும் செய்தல் வேண்டும். படிவத்தின் அருகே ஒரு தொலைபேசி எண்ணும் இருத்தல் நலம்.

நம் துறையில் இப்பணியை மாணவர் இருவர் முறைவைத்துச் செய்து வருகின்றனர். அவர்களுள் ஒருவர், அன்று தம் தாயுடன் நம் அறை வாயிலில் நின்றிருந்த அம்மகள்.