காய்ந்த சேற்றில் காத்திருக்கும் உயிர்கள்

வேலூர் வெயிலுக்குச் சின்னக் குட்டை தாங்காது. பாகாயத்துப் பக்கம் மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளங்கள் கோடையில் வற்றி, அடிச்சேறு பாளம் பாளமாக வெடித்துவிடும். மழை பெய்து அதே பள்ளம் நிறைந்தால், சில நாட்களிலேயே தண்ணீருக்குள் புள்ளி புள்ளியாக ஏதோ துள்ளும். அவற்றில் பல, அந்தச் சேற்றிலேயே முட்டையாகக் கிடந்தவை.

ஒரு தம்ளர் குட்டைத் தண்ணீரை மொண்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், விட்டு விட்டுத் துள்ளும் ஒரு மில்லிமீட்டர் உயிர் கண்ணில் படும். அலங்கார மீன் வளர்ப்பவர்கள் குஞ்சுகளுக்கு இரையாகப் போடும் மொய்னா இதுதான். நீர்த்தெள்ளு என்று பெயர். ஆனால் பூச்சியல்ல, இறாலுக்கு உறவு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் முதுகுப் பக்கம் இதயம் படபடப்பதும், பாசி தின்ற குடல் பச்சையாக ஓடுவதும், பைக்குள் குஞ்சுகள் நெளிவதும் தெரியும். நிலைமை நன்றாக இருக்கும்வரை பெண்களே ஆண் துணையின்றிப் பெருகும். குட்டை சுருங்கி நெரிசல் கூடும்போதுதான் ஆண்கள் பிறக்கும். அப்போது உண்டாகும் தடித்த ஓட்டு முட்டைகள்தான் கோடையைத் தாண்டுகின்றன.

இன்னும் அழகானது தேவதை இறால். ஸ்ட்ரெப்டோசெபாலஸ் டைகோட்டோமஸ் என்னும் இனம் தென்னிந்திய மழைக்குட்டைகளுக்குரியது. மல்லாந்தபடி நீந்தும்; 11 ஜோடிக் கால்களாலேயே துடுப்பும் போடும், உணவும் வடிகட்டும். மீன் இருந்தால் இது பிழைக்காது. ஆகவே குட்டை வற்றுவதே இதற்குப் பாதுகாப்பு. முதல் மழைக்கே எல்லா முட்டையும் பொரிவதில்லை என்பது வியக்க வைக்கும் ஏற்பாடு: மழை ஏமாற்றினாலும் அடுத்த மழைக்கு மிச்சம் இருக்கும்.

சக்கர உயிரிகளான ரோட்டிஃபர்களில் சில, முட்டையாகக்கூட மாறாமல் உடம்போடு உலர்ந்து கிடக்கும்.

தோல் தொழில் நடக்கும் இந்த வட்டாரத்துக்கு இவற்றோடு இன்னொரு தொடர்பும் உண்டு. நீரின் நச்சை அளக்க உலகெங்கும் ஆய்வகங்கள் நம்புவது மொய்னாவின் உறவான டாப்னியாவை. அது சோதனைக்குத் தகுதியானதா என்று பார்க்கப் பயன்படுத்துவது பொட்டாசியம் டைகுரோமேட் என்னும் குரோமிய உப்பு. லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராம் அளவுக்குள்ளேயே, 24 மணி நேரத்தில் பாதி உயிர்கள் அசைவற்றுப்போகும். தோல் பதனிடும் குரோமியம் வேறு வடிவம், நச்சு குறைவு. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவில் இருந்ததோ கொடிய ஆறிணைதிறன் குரோமியம்.

கோடையில் குட்டையை வெறும் பள்ளமென்று மண்கொட்டி மூடும்போது, இந்த முட்டைச் சேமிப்பு முழுவதும் புதைந்துபோகிறது. சந்தேகமிருந்தால், காய்ந்த அடிமண்ணில் ஒரு பிடி எடுத்துத் தொட்டியில் போட்டு, மழைத் தண்ணீர் ஊற்றி, நிழலான வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கலாம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம். தேவதை இறால் முட்டை இருந்தால் ஓரிரு நாளில் பொரியும்; ஓரிரு வாரத்தில் அவை அடுத்த தலைமுறைக்கு முட்டையிடத் தொடங்கும்.