தனக்குத் தானே பேசுதல்

இவ்வொலிப்பதிவறையிலே நான் தனியே அமர்ந்திருக்கின்றேன். என் முன்னே ஓர் ஒலிவாங்கி உண்டு. கேட்பார் ஒருவரும் இல்லை. எனினும் கையசைத்தும் தலையசைத்தும் பேசிக்கொண்டிருக்கின்றேன். வானொலியை அறியாத ஒருவர் கண்ணாடிக்கு அப்பால் நின்று என்னைப் பார்ப்பாராயின், "பாவம், இம்மனிதருக்கு என்ன நேர்ந்ததோ!" என்று இரங்கவும் கூடும். அவ்வாறு பிறர் இரங்குதற்கும் நகுதற்கும் இடமாகிய பழக்கமொன்றே இன்றைய பேச்சின் பொருள். அது தனக்குத் தானே பேசிக்கொள்ளும் பழக்கம்.

இப்பழக்கம் மனித வாழ்வின் இரு முனைகளிலும் தெளிவாகத் தோன்றுகின்றது. நான்கு வயதுக் குழந்தை முற்றத்து மணலைச் சிரட்டையில் அள்ளிச் சோறு சமைக்கும்போது ஓயாது பேசுகின்றது. எண்பது வயது மூதாட்டி விறாந்தையில் இருந்து கீரை ஆயும்போதும் ஓயாது பேசுகின்றார். முன்னதைக் கண்டு மகிழ்கின்றோம். பின்னதைக் கண்டு முகஞ் சுளிக்கின்றோம். இரண்டினையும் சற்று ஆராய்ந்து பார்த்தல் நன்று.

குழந்தையின் பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். சுவிற்சர்லாந்து நாட்டு உளநூல் அறிஞர் பியாஜே என்பார், குழந்தையின் மொழியையும் சிந்தனையையும் பற்றிய தமது நூலை 1923ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஜெனீவா நகரத்துச் சிறுவர் பள்ளியொன்றில் ஆறு வயதுச் சிறுவர் இருவர் பேசியனவற்றையெல்லாம் ஏறக்குறைய ஒரு மாதகாலம் எழுதிவைத்து ஆராய்ந்தபோது, அவர்கள் தாமாகப் பேசியவற்றிற் பாதிக்குச் சற்றுக் குறைந்த பங்கு எவருக்கும் உரியதன்று என அவர் கண்டார். குழந்தைகள் அருகருகே இருந்து பேசுகின்றன. ஆனால் ஒன்றன் பேச்சை மற்றொன்று கேட்பதில்லை. பிறர் நோக்கில் நின்று பார்க்கக் குழந்தை இன்னும் கற்கவில்லை என்பதே இதற்கு அவர் கூறிய காரணம். வயது ஏற ஏற, பிறரோடு பழகப் பழக, இப்பேச்சு தேய்ந்து மறையும் என்பது அவர் கொள்கை.

பியாஜே பிறந்த அதே 1896ஆம் ஆண்டிற் பிறந்தவர் உருசிய அறிஞர் வைகொட்ஸ்கி. முப்பத்தேழு வயதிலே காசநோயால் மறைந்த அவருடைய தலைசிறந்த நூல், அவர் மறைந்த 1934ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அவர் குழந்தைகளிடம் எளிய சோதனையொன்று செய்தார். படம் வரைய அமர்ந்த குழந்தைக்கு வேண்டிய பென்சிலையோ தாளையோ வேண்டுமென்றே கிடைக்காதபடி செய்தார். இடையூறு நேர்ந்தவுடன் குழந்தையின் தனிப்பேச்சு ஏறத்தாழ இரு மடங்காகியது. "பென்சில் எங்கே? நீலநிறம் வேண்டுமே, பரவாயில்லை, சிவப்பாலே கீறித் தண்ணீர் பூசினால் கறுத்துவிடும்" என்பது போலக் குழந்தை தன்னோடு தானே ஆலோசனை செய்யத் தொடங்கியது. மற்றொரு குழந்தை டிராம் வண்டி ஒன்றை வரைந்துகொண்டிருக்கையில் பென்சில் முனை முறிந்துபோயிற்று. "உடைந்துவிட்டது" என்று அது மெல்லக் கூறிக்கொண்டது. பின்னர் வர்ணத்தை எடுத்து, விபத்தில் உடைந்துபோன வண்டியாகவே அப்படத்தை முடித்தது. வாயில் வந்த ஒரு சொல் வேலையின் போக்கையே மாற்றிவிட்டதன்றோ?

இதிலிருந்து அவர் கண்ட முடிவு யாது? தனிப்பேச்சு பயனற்ற பிதற்றல் அன்று. அது சிந்தனைக்குரிய கருவி. நம் வீட்டிலே தண்ணீர்ச் செம்பை ஏந்தி நடக்கும் குழந்தையைப் பார்த்து, "மெல்ல, மெல்ல" என்று தாய் கூறுகின்றாள். சில நாட்களின் பின், தாய் அருகில் இல்லாதபோதும், அக்குழந்தை "மெல்ல, மெல்ல" என்று தனக்குத் தானே கூறிக்கொண்டு நடக்கின்றது. மேலும் சில ஆண்டுகள் சென்றால் உதடு அசைவதில்லை. கால் மட்டும் மெல்ல நடக்கின்றது. தாயின் சொல் குழந்தையின் வாய்ச்சொல்லாகிப் பின் உள்ளத்தின் சொல்லாகி விட்டது. ஆகவே அப்பேச்சு மறைவதில்லை, உள்ளே குடிபுகுகின்றது. அதனையே அகப்பேச்சு என்கின்றோம். விரல்விட்டு எண்ணிய கணக்கு மனக்கணக்காவதும், உரத்து வாசித்த வாசிப்பு மௌன வாசிப்பாவதும் இத்தகையனவே. பிற்காலத்தில் நிகழ்ந்த ஆராய்ச்சிகளும் பெரும்பாலும் வைகொட்ஸ்கியின் பக்கமே சார்ந்தன.

இவ்வுண்மையை நான் ஏட்டிலே கற்பதற்கு முன் ஒரு பிழை செய்தேன். ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில் மூன்றாம் வகுப்பு எனக்குக் கிடைத்தது. வகுப்பறை அமைதியாக இருத்தலே நல்லாசிரியனுக்கு அடையாளம் என நம்பிய காலம் அது. ஒரு சிறுவன் கணக்குச் செய்யும்போதெல்லாம் முணுமுணுப்பான். பல முறை அதட்டினேன். ஒரு நாள் வாங்கின்மேல் ஏற்றியும் நிறுத்தினேன். அதன்பின் அவன் வாயை இறுக மூடிக்கொண்டான், கொப்பியும் வெறுமையாயிற்று. தவணை அறிக்கையிலே "மந்தம்" என்று எழுதினேன். சில கிழமைகளின் பின் இடைவேளையொன்றில் வேப்பமரத்தின் கீழே அவனைக் கண்டேன். "இரண்டில் ஏழு போகாது; பத்துக் கடன் வாங்க வேணும்; பன்னிரண்டில் ஏழு போக ஐந்து" என்று வாய்விட்டுச் சொல்லியவாறே, குச்சியால் மண்ணிலே அவன் போட்ட கணக்கு முற்றிலும் சரியாயிருந்தது. நான் மூடச்செய்தது அவன் வாயை மட்டுமன்று என்பது அப்பொழுதே விளங்கிற்று. அறிக்கை அதற்கு முன்னரே வீட்டுக்குப் போய்விட்டது. இன்று அதிபராயிருக்கும் நான் கீழ்வகுப்பு ஆசிரியர்களிடம் வேண்டுவது ஒன்றே: பிறருக்கு இடையூறு இல்லாத முணுமுணுப்பை அடக்காதீர்கள்.

வளர்ந்தோராகிய நாம் இப்பழக்கத்தை விட்டுவிட்டோமா? ஊசியில் நூல் கோக்கும்போதும், தொலைந்த திறப்பைத் தேடும்போதும் நம் வாய் சும்மா இருப்பதில்லை. அமெரிக்க ஆராய்ச்சியாளர் லூப்பியன், சுவிங்லி ஆகிய இருவர் 2012ஆம் ஆண்டில் இதனைச் சோதித்தனர். பல படங்களுக்கிடையே ஒரு பொருளைத் தேடுவோர் அதன் பெயரை வாய்விட்டுச் சொன்னபோது, பெரும்பாலும் விரைவாகக் கண்டுபிடித்தனர். பெயரைக் கேட்டவுடன் உருவம் தெளிவாக மனத்தில் எழும் பொருள்களுக்கே இது துணையாயிற்று. ஏனையவற்றுக்கு இடையூறாகவும் இருந்தது. "திறப்பு, திறப்பு" என்று சொல்லித் திரிவாரை இனி நகையாடற்க.

நம் முன்னோரும் இதனை இழிவாகக் கருதவில்லை. திருக்குறளின் 125ஆம் அதிகாரத்துக்கு நெஞ்சொடு கிளத்தல் என்றும், இறுதி அதிகாரமாகிய 133க்குச் சற்று முன்னே, 130ஆம் அதிகாரத்துக்கு நெஞ்சொடு புலத்தல் என்றும் பெயர். பிரிவாற்றாத தலைவி நண்டையும் நாரையையும் கடலையும் விளித்துப் பேசுவதை அகத்திணையில் ஒரு துறையாகவே வைத்தனர். கேட்பார் இல்லாதபோதும் பேச்சு கேட்பாரைத் தேடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இனி முதுமைக்கு வருவோம். உள்ளே குடிபுகுந்த பேச்சு முதுமையில் மீண்டும் வெளியே வருவது ஏன்? காரணம் ஒன்றன்று. நினைவு தளரும்போது, "விளக்கை அணைத்தேன், கதவைப் பூட்டினேன், மருந்து குடித்தேன்" என்று சொல்லிக்கொள்வது நினைவுக்கு ஊன்றுகோலாகின்றது. செவி மங்கியவர், தாம் எவ்வளவு உரத்துப் பேசுகின்றோம் என்பதை உணராதிருத்தலும் உண்டு. இவையனைத்திலும் பெரிய காரணம் தனிமை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் நூற்றுக்கு 12.4 வீதத்தினர், அப்பங்கு அதன் பின்னரும் உயர்ந்தே வருகின்றது. பிள்ளைகள் கடல் கடந்துவிட்ட வீடுகள் நம்மிடையே எத்தனை! அங்கெல்லாம் பேச்சுக்கு உரிய செவி எங்கே உண்டு?

என் தந்தையார் காலமான பின்னர் என் தாயாரிடம் இப்பழக்கம் தோன்றியது. வீட்டில் உள்ளோர் கூசினர். விருந்தினர் வரும் நாளில் அவரை உள்ளறையில் இருக்கச் செய்தோம். வகுப்பறையில் செய்த பிழையை வீட்டிலும் செய்தேன் என்பதே அதன் பொருள். ஒரு மாலை, தந்தையாரின் சாய்மனைக் கதிரைக்கு அருகே இருந்து அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆரோடை அம்மா கதைக்கிறியள்?" என்றேன்.

"கொப்பரோடைதான் தம்பி. வேறை ஆர் இருக்கினம் கேக்க?" என்றார்.

அவர் அறிவு கலங்கியிருக்கவில்லை. தந்தையார் இறந்ததை அவர் நன்கு அறிவார். ஐம்பது ஆண்டுகள் ஒருவரோடு பேசிப் பழகிய நாவுக்கு, அவர் போன பின் எங்கே போவதென்று தெரியவில்லை; அவ்வளவே.

ஆயினும் எல்லாத் தனிப்பேச்சும் இயல்பானது என்று கருதிவிடலாகாது. பிறர் காதில் விழாத குரல்கள் கேட்கின்றன எனக் கூறி அவற்றுக்கு மறுமொழி கூறினாலும், அச்சமும் சினமும் மேலிட்டுப் பேசினாலும், பழகிய வழியும் உற்றார் முகமும் மறந்துபோனாலும் மருத்துவரை நாட வேண்டும். ஓரிரு நாளில் திடீரெனப் பேச்சுக் குழம்புமாயின் தாமதித்தலே கூடாது. முதியோரிடத்து அது ஏதேனும் தொற்றுநோயாலோ, உட்கொள்ளும் மருந்தின் விளைவாலோ நேர்வதுண்டு. தக்க சிகிச்சையாற் பலர் தேறுவர். தாம் பேசுவதைத் தாமே அறிந்து, கூப்பிட்டவுடன் திரும்பிப் பார்த்து, கேட்டதற்கு ஒழுங்காக விடையளிப்பவர் பேச்சைப் பற்றிப் பெரும்பாலும் கவலை வேண்டியதில்லை.

வைகொட்ஸ்கியின் மற்றொரு சோதனையை ஈற்றிலே கூறுதற்கென்று வைத்திருந்தேன். தனிப்பேச்சுப் பேசும் குழந்தைகளை, காது கேளாத குழந்தைகளிடையேயும் அந்நிய மொழி பேசும் குழந்தைகளிடையேயும் இருக்கச் செய்தார். அவர்களது தனிப்பேச்சு மிகமிகக் குறைந்துபோயிற்று. தன்னை விளங்கிக்கொள்ள ஒருவரும் இல்லை என உணர்ந்த குழந்தை தன்னோடு பேசுவதையும் விட்டுவிடுகின்றது. எனவே வீட்டு முதியவர் பேசிக்கொண்டிருக்கின்றார் என்றால், கேட்பார் உண்டு என்ற நம்பிக்கை அவரிடம் இன்னும் எஞ்சியிருக்கின்றது என்றே நான் பொருள் கொள்கின்றேன்.

அம்மாலைக்குப் பின் நான் நாள்தோறும் அரைமணி நேரம் தாயாரின் அருகே இருக்கத் தொடங்கினேன். புத்திமதி கூறுவதில்லை, கேட்பேன், அவ்வளவுதான். அவர் இன்றும் தனியே பேசுகின்றார், முன்னரிலும் குறைவாக. விருந்தினர் வந்தால் விறாந்தையிலேயே இருக்கின்றார். இப்பேச்சு முடிந்ததும் உங்கள் வீட்டில் எங்கேனும் ஒரு மூலையில் மெல்லிய பேச்சுக் குரலொன்று கேட்குமாயின், வானொலியை நிறுத்திவிட்டு அங்கே சென்று சற்று அமருங்கள்.