படியாத நிறமும் சான்றே

துணிக்குச் சாயமேற்றும் தொழில் குன்னத்தூரை உள்ளடக்கிய திருப்பூர் வட்டாரத்துக்குப் புதிதன்று; ஆனால் புற்றுநோய் ஆய்வகத்திலும் அடிப்படை வேலை சாயமேற்றுவதே என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். புராஸ்டேட் சுரப்பியிலிருந்து ஊசிவழி எடுக்கப்படும் திசு, ஃபார்மலினில் பதப்படுத்தப்பட்டு, மெழுகுக் கட்டியாக வார்க்கப்பட்டு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு அளவுக்கு மெல்லியதாகச் சீவப்படுகிறது. அதில் ஏற்றப்படும் ஹெமாடாக்சிலின், ஒரு காலத்தில் துணிக்கும் பயன்பட்ட மரச்சாயமே. துணியில் இயற்கைச் சாயம் பிடிக்கப் படிகாரம் சேர்ப்பது போலவே இதற்கும் படிகாரம் தேவைப்படுகிறது.

இச்சாயம் செல்லின் வடிவத்தை மட்டுமே காட்டும். ஐயத்துக்குரிய சுரப்பிகள் இரண்டு மூன்றே தென்படும்போது வடிவம் போதாமல், எதிர்ப்பொருள்களின் உதவி நாடப்படுகிறது. எதிர்ப்பொருள் அல்லது ஆன்டிபாடி என்பது, ஆன்டிஜென் எனப்படும் குறிப்பிட்ட அடையாளத்தை மட்டும் தேடிப் பற்றும் புரதம். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கேம்பிரிட்ஜில் கண்ட முறை, ஒரே தன்மையுள்ள எதிர்ப்பொருளை வேண்டிய அளவு ஆக்கும் வழியைத் திறந்து, 1984இல் அவர்களுக்கு நோபல் பரிசையும் பெற்றுத் தந்தது. எதிர்ப்பொருளுடன் ஒரு நொதியை இணைத்து, உரிய வேதிப்பொருளைச் சேர்த்தால், பற்றிய இடத்தில் பழுப்பு நிறம் படியும்.

ஆயினும் பழுப்பு நிறம் கண்டவுடன் புற்றுநோய் என்று முடிவுகட்ட இயலாது. பி.எஸ்.ஏ. என்னும் புரதம் நலமான புராஸ்டேட் செல்லிலும் உள்ளது. ஆகவே அது உறுப்பின் அடையாளமே தவிர நோயின் அடையாளமன்று. எலும்பிலோ நிணநீர்க் கணுவிலோ காணப்படும் கட்டி புராஸ்டேட்டிலிருந்து பரவியதா என்று அறியவே அது பெரிதும் உதவுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அருள் சின்னையன் உள்ளிட்டோர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஏ.எம்.ஏ.சி.ஆர். என்னும் நொதி புராஸ்டேட் புற்றுத் திசுவில் மிகுந்திருப்பது தெரியவந்தது. அதுவும் சில சமயம் புற்றல்லாத சுரப்பிகளில் தென்படுவதால் தனித்து நின்று தீர்ப்புச் சொல்லாது.

நோயறிதலில் மிக நுட்பமான சான்று, படியாத நிறத்தில்தான் இருக்கிறது. நலமான சுரப்பியைச் சுற்றி அடித்தள செல்கள் ஒரு வரிசையாக அமைந்திருக்கும். பி63 போன்ற புரதங்களைப் பற்றும் எதிர்ப்பொருள்கள் அவ்வரிசையைப் பழுப்பு வளையமாகக் காட்டும். புற்றுச் சுரப்பியில் அந்த அடித்தள வரிசை இல்லாமல் போவதால் வளையமும் தோன்றாது. ஆனால் திசு சரியாகப் பதப்படுத்தப்படாவிட்டாலும் நிறம் படியாது என்பதால், அதே கண்ணாடிச் சில்லில் அருகிலுள்ள நலமான சுரப்பியில் வளையம் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்த பின்னரே நோயியல் மருத்துவர் முடிவெடுக்கிறார். இந்தப் பொறுமையே நோயாளியைத் தேவையற்ற அறுவையிலிருந்தும் தவறவிட்ட நோயிலிருந்தும் காக்கிறது.

மெழுகுக் கட்டியில் திசு எஞ்சியிருந்தால், பின்னாளில் வேறோர் எதிர்ப்பொருளைச் சோதிக்க மீண்டும் ஊசி குத்த வேண்டியதில்லை. ஆகவே கோவைக்கோ சென்னைக்கோ மறுகருத்துக் கேட்கச் செல்வோர், அறிக்கையுடன் அந்த மெழுகுக் கட்டியையும் ஆய்வகத்தில் கேட்டுப் பெற்றுச் செல்ல வேண்டும்.