உங்க வயசு என்னன்னு கேட்டா, முழு ஆதாரையும் ஏன் காட்டணும்?

ஓசூர் சிப்காட் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுப்பது புதுசில்லை. கம்பெனிக்கு ஒண்ணு, ஹாஸ்டலுக்கு ஒண்ணு, பேங்க்குக்கு ஒண்ணு. கேட்டவுடன் கொடுத்துவிட்டு, ஷிஃப்ட்டுக்கு ஓடிவிடுவோம். இப்போது போனுக்குள்ளும் அதே கதை ஆரம்பித்திருக்கிறது. ``உங்களுக்கு 18 வயசு ஆச்சா? நிரூபியுங்க!''

சின்னப் பசங்களைக் காப்பாற்றத்தானே கேட்கிறார்கள், இதில் என்ன பிரச்னை? பிரச்னை கேள்வியில் இல்லை பாஸ், அதற்கு நாம் கொடுக்கும் பதிலின் அளவில் இருக்கிறது.

ஜூஜூவாடி வரைக்கும் ஒரு ரூல்!

2025 பிப்ரவரியில், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மி, போக்கர் போன்ற ஆட்டங்களுக்குத் தமிழ்நாட்டில் புது விதிமுறைகள் வந்தன. 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் ஆடக் கூடாது. கணக்கு தொடங்க ஆதார் கட்டாயம், கூடவே ஓ.டி.பி. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை லாகின் கிடையாது.

இது மாநில விதி. ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் போய்விட்டால் வேறு மாநிலம், வேறு சட்டம். போனும் ஆளும் அதேதான்!

விளையாட்டு நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. ஆதாரைக் கட்டாயமாக்குவது தனியுரிமையைப் பாதிக்கிறது என்பது அவர்களின் வாதங்களில் ஒன்று. ரம்மியால் கடனாகி, உயிரையே விட்ட குடும்பங்களின் துயரம் அரசுத் தரப்பின் பதில். 2025 ஜூன் 3-ம் தேதி நீதிமன்றம் விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தனியுரிமை என்பது எல்லையே இல்லாத உரிமை அல்ல என்றும் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நாடு முழுக்கத் தடை போட்டது மத்திய அரசு. ஆட்டம் முடிந்தது. ஆனால் கேள்வி முடியவில்லை.

பக்கத்து ஊர் நீதிபதி

தனியுரிமை அடிப்படை உரிமை என்று நாம் இன்று தைரியமாகப் பேச ஒரு முக்கியக் காரணம், ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் பெங்களூருவில் வாழ்ந்த ஒருவர். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி. 2012-ல், 80 வயதைத் தாண்டிய பிறகு, ஆதாருக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் வழக்கு போட்டார். 2017 ஆகஸ்ட் 24-ல், 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தார்கள்.

அரசு அதில் தலையிடலாம். ஆனால் அதற்கு ஒரு சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், தலையீடு தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது. இந்த மூன்றாவது நிபந்தனையில்தான் நம் விஷயமே இருக்கிறது.

2027-ல் என்ன ஆகும்?

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவல்களைக் கையாள, பெற்றோரின் சம்மதத்தை ஆப்கள் சரிபார்த்து வாங்க வேண்டும். மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி, இது 2027 மே மாதத்தில் அமலுக்கு வருகிறது.

இங்கே ஒரு சிக்கல். யார் குழந்தை என்று கண்டுபிடிக்க, பெரியவர்களையும் சேர்த்துச் சோதிக்க வேண்டியிருக்கும். அப்புறம் இன்னொன்று... நம்ம ஊரில் பல வீடுகளில் அப்பாவின் போனுக்கு ஓ.டி.பி பார்த்துச் சொல்வதே பையன்தான். சம்மதம் கொடுத்தது யார்?

கொடுத்த ஆவணம் பத்திரமாக இருக்குமா என்பதும் கேள்விதான். 2025 அக்டோபரில் டிஸ்கார்ட் நிறுவனம், சுமார் 70,000 பயனாளர்களின் அடையாள அட்டைப் படங்கள் கசிந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. அவற்றில் வயதைச் சரிபார்க்கக் கொடுத்த படங்களும் இருந்தன.

தியேட்டர்காரர் மாதிரி இருந்தா போதும்

'ஏ' சர்டிஃபிகேட் படத்துக்குப் போனால், சந்தேகம் வந்தால் அடையாள அட்டை கேட்பார்கள். பார்ப்பார்கள், திருப்பிக் கொடுப்பார்கள். ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆன்லைனிலும் அது முடியும். `18 ஆச்சு' அல்லது `ஆகலை' என்ற பதில் மட்டும் ஆப்புக்குப் போனால் போதும். புதிய விதிகளிலும் டிஜிலாக்கர் போன்ற சேவைகள் வழியாக, டோக்கன் முறையில் வயதை உறுதிசெய்ய இடம் இருக்கிறது. ஆனால், நிறுவனங்கள் அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

இப்பவே நீங்க செய்யக்கூடியவை:

* ஜெராக்ஸ் கேட்கும் இடங்களில், முடிந்தவரை கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் `மாஸ்க்டு ஆதார்' கொடுங்கள். ஆதார் இணையதளத்திலேயே டவுன்லோடு செய்யலாம்.

* ஆதார் ஆப்பில் கைரேகையை லாக் செய்து வையுங்கள். தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம்.

* வாட்ஸ்அப்பில் ஆதார் போட்டோ அனுப்பும் பழக்கத்தை விடுங்கள்.

* ஒரு ஆப் அடையாள அட்டை கேட்டால், எதற்கு, எப்போது அழிப்பார்கள் என்று பாருங்கள். பதில் இல்லையென்றால் அந்த ஆப் வேண்டாம்.

தம்பி, தங்கச்சிகளுக்குப் பாதுகாப்பு நிச்சயம் வேண்டும். அதற்காக நம் பெயர், முகவரி, முகம், பிறந்த தேதி எல்லாம் யாரோ ஒருவரின் சர்வரில் கிடக்க வேண்டியதில்லை. அடுத்த முறை வயதைக் கேட்டால், வயதை மட்டும் சொல்லுங்கள்!