தீவிலிருந்து எழும் குரல்: அந்தமான் மாணவரும் இசைத் தொழிலும்

வங்கக் கடலில் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 3,80,581 பேர் வாழ்ந்தனர். வங்காளி, இந்தி, தமிழ், தெலுங்கு, நிக்கோபாரி ஆகிய மொழிகள் இங்கு அருகருகே வழங்குகின்றன. மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஆகவே, இத்தீவுகளின் பள்ளி விழா ஒன்றில் ஒரே மேடையில் பல மொழிப் பாடல்கள் ஒலிப்பதில் வியப்பில்லை. அம்மேடையில் பாடிப் பரிசு பெற்ற பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “பாட்டையே என் தொழிலாகக் கொள்ளப் போகிறேன்” என்று கூறினால், அவளுக்கு முன்னுள்ள வழி யாது? அவ்வழியில் எங்கே தடை உள்ளது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இசைவளம் குறைந்த மண் அன்று

தீவுகளின் இசையைப் பற்றிய ஆய்வு புதியதன்று. அந்தமானியப் பழங்குடியினரின் இசையைப் பற்றி எம். வி. போர்ட்மன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1888 ஆம் ஆண்டிலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஒலிப்பலகையைக் காலால் தட்டித் தாளம் எழுப்பி, அதற்கேற்பக் கூட்டமாகப் பாடுவது அம்மக்களின் மரபு. கார் நிக்கோபாரில் தேவாலயப் பாடல்குழுக்கள் வளர்ந்துள்ளன. தாய்நிலத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் தத்தம் பாடல்களை உடன் கொணர்ந்தனர். குறைவாக இருப்பது இசையன்று. முறையான பயிற்சிக்கான வாய்ப்பே.

பள்ளியில் தொடங்கும் வழி

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்தில் கருநாடக இசையும் இந்துஸ்தானி இசையும் மேல்நிலை வகுப்புகளுக்குரிய பாடங்களாக உள்ளன. கருநாடக வாய்ப்பாட்டில் எழுத்துத் தேர்வுக்கு 30 மதிப்பெண்களும் செய்முறைத் தேர்வுக்கு 70 மதிப்பெண்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. ஆனால், பாடத்திட்டத்தில் ஒரு பாடம் இருப்பது வேறு; பள்ளியில் அதைக் கற்பிக்க ஆசிரியர் இருப்பது வேறு. ஆசிரியர் இல்லாத பள்ளியில் அப்பாடம் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

2015 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘கலா உத்சவ்’ போட்டி, பள்ளி மாணவரை மாநில, யூனியன் பிரதேச நிலையிலிருந்து தேசிய நிலைக்குக் கொண்டு செல்கிறது. 2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, கலைப் பாடங்களுக்கும் ஏனைய பாடங்களுக்கும் இடையே கடுமையான பிரிவினை கூடாது என்று வலியுறுத்துகிறது.

குரலுக்கும் ஒரு பருவம்

பாடகரின் கருவி அவரது உடலே. ஏறத்தாழ 12 வயது முதல் 15 வயது வரையிலான பருவத்தில் குரல்வளை வளர்ந்து குரல்நாண்கள் நீளுகின்றன. சிறுவரின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்குகிறது. சிறுமியரின் குரலிலும் சிறிய அளவில் மாற்றம் ஏற்படுகிறது. இப்பருவத்தில் பழைய சுருதியிலேயே வற்புறுத்திப் பாட வைத்தால் குரல் கெடும். ஐந்து கட்டையில் பாடிய சிறுவன் ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டைக்கு இறங்க நேரிடும். இதைக் கேட்டறிந்து சுருதியை மாற்றித் தருவதற்கு அருகில் ஆசிரியர் ஒருவர் இருத்தல் வேண்டும்.

உதவித்தொகையில் ஓர் இடைவெளி

கலாசார வளங்கள் மற்றும் பயிற்சி மையம் இரு வகை உதவித்தொகைகளை வழங்கி வந்துள்ளது. 1982 ஆம் ஆண்டில் தோன்றிய கலைத்திறன் தேடல் திட்டத்தில் 10 வயது முதல் 14 வயது வரையுள்ள மாணவர் சேரலாம். மற்றொன்று 18 முதல் 25 வயதுக்குட்பட்ட இளங்கலைஞர்களுக்கு உரியது. இதில் மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டாண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. இதனைப் பெற, ஆசிரியரிடம் ஐந்தாண்டுகளேனும் பயின்றிருக்க வேண்டும்.

இவ்விரண்டு வயது வரம்புகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பதினாறு வயதில்தான் தன் ஆர்வத்தை உணர்ந்த மாணவிக்கு முதல் திட்டத்தின் கதவு அடைபட்டுவிட்டது. இரண்டாவது திட்டம் கோரும் ஐந்தாண்டுப் பயிற்சியை அவள் அன்று தொடங்கினாலும் 21 வயதில்தான் தகுதி பெறுவாள். எனவே, எட்டாம் வகுப்புக்குள்ளாகவே திறமையை இனங்கண்டு விண்ணப்பிக்கச் செய்வது பள்ளித் தலைமையாசிரியரின் முக்கியக் கடமையாகிறது.

கடலைக் கடத்தல்

தலைநகரான ஸ்ரீ விஜயபுரம் (2024 வரை போர்ட் பிளேர்) சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பயணக் கப்பல் சென்றடைய இரண்டரை நாட்களுக்கு மேலாகும். மேற்படிப்புக்குச் சென்னை, திருவையாறு, சிதம்பரம், கொல்கத்தா போன்ற நகரங்களையே நாட வேண்டும். கட்டணத்தோடு விடுதிச் செலவும் பயணச் செலவும் குடும்பத்தின் மேல் விழுகின்றன. தஞ்சாவூரிலுள்ள தென்னக மண்டலக் கலாசார மையம், கொல்கத்தாவிலுள்ள கிழக்கு மண்டலக் கலாசார மையம் ஆகிய இரண்டிலும் இத்தீவுகள் உறுப்பாக இருப்பது நல்வாய்ப்பாகும்.

2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்ட, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடி இழைக் கம்பித் தடம், சென்னையைத் தீவுகளோடு இணைக்கிறது. சென்னையிலுள்ள ஆசிரியரிடம் தீவிலிருந்தபடியே பயில இது துணைபுரியும். எனினும், இருமுனைகளிலும் ஒலி சற்றே தாமதித்துச் சேர்வதால் ஒரே தாளத்தில் இருவரும் சேர்ந்து பாட இயலாது. ஆசிரியர் பாட, மாணவர் கேட்டுத் திருப்பிப் பாடும் முறையே இதற்குப் பொருந்தும்.

வாழ்வுக்கு வழி

திரைப்படப் பின்னணி ஒன்றே பாட்டுத் தொழில் என்று கருதுவது தவறு. 1963 ஆம் ஆண்டில் தொடங்கிய போர்ட் பிளேர் வானொலி நிலையம் தீவின் கலைஞர்களுக்கு அரங்காக விளங்கி வந்துள்ளது. வானொலியின் குரல் தேர்வில் பெறும் தரநிலை ஒரு கலைஞருக்கு நாடறிந்த சான்றாகும். இசைப் பட்டம் பெற்றவர் பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றலாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 ஆம் ஆண்டுத் திருத்தம், நிகழ்த்துகலைஞருக்கு உரிமத்தொகை பெறும் உரிமையை உறுதி செய்தது. ஒலிப்பதிவு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மாணவரும் பெற்றோரும் இதை அறிந்திருத்தல் நலம்.

பாடகராக விரும்பும் அனைவரும் புகழ்பெறுவர் என்று எவரும் உறுதி கூற இயலாது. பட்டப்படிப்பையும் இசைப்பயிற்சியையும் இணைத்துக் கொண்டு செல்வதே விவேகமாகும். ஆயின், முயன்று பார்க்கும் வாய்ப்பு ஒரு குழந்தை பிறந்த இடத்தைப் பொறுத்து அமைதல் கூடாது. உயர்நிலைப் பள்ளிகளில் இசை ஆசிரியர் பணியிடங்களை நிரப்புதல், 14 வயதுக்குள் திறமையைக் கண்டறிதல், 15 முதல் 17 வயது வரையிலான இடைவெளிக்கு உதவி வகுத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறுமானால், தீவின் குரல் கடலைக் கடந்தும் கேட்கும்.