பயிற்சி வேகமும் ரசிகர் தீர்ப்பும்

புதுதில்லி: ஆண்டின் முதல் ஃபார்முலா-1 பந்தயத்துக்கு முன், பயிற்சி நேரப் பட்டியலைக் கொண்டே ரசிகர்கள் தீர்ப்பு எழுதிவிடுவது வழக்கம். எரிபொருள் அளவும் டயர் வகையும் அணிக்கு அணி மாறுவதால், அப்பட்டியல் பல நேரங்களில் ஏமாற்றும்.

ஆனால், கோவை வீரர் நரேன் கார்த்திகேயனின் ரசிகர்களை 2011 மார்ச்சில் மெல்போர்னில் அது ஏமாற்றவில்லை. புதிய கார் தயாராகாததால் எச்ஆர்டி அணி பயிற்சியில் பெரும்பாலும் ஓடவே இல்லை. தகுதிச் சுற்றில் மிக விரைவான நேரத்தின் 107 சதவீதத்துக்குள் வர இயலாமல், அதன் இரு கார்களும் பந்தய வாய்ப்பை இழந்தன. 2012-லும் மெல்போர்னில் அதே கதி.

அதே நரேன், 2011 அக்டோபரில் கிரேட்டர் நொய்டாவில் அணித் தோழர் டேனியல் ரிக்கியார்டோவை முந்தி 17-ஆவதாக வந்தார். பணபலமற்ற அணியில் திறமையும் பயிற்சி நாளிலேயே தோற்றுவிடும்.